ஒரு தோட்டம், ஓர் ஆண்டு, எல்லாப் பாடங்களும்

ஈப்போ வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் களப்பயணம் பற்றி ஆலோசனை கேட்கும்போது பெரும்பாலும் ஓர் இடப் பட்டியலோடு வருகிறார்கள். காலையில் பத்துகாஜா கெல்லி கோட்டை, அடுத்துத் தஞ்சோங் துவாலாங் ஈயக்கப்பல், மதியம் கோப்பேங் குவா தெம்புரோங், திரும்பும் வழியில் ஒரு குகைக் கோயில். பேருந்துக்கு வாடகை கட்டியாகிவிட்டது, எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டிவிட வேண்டும் என்ற எண்ணம். அந்தப் பட்டியலைக் கைவிடுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. நிலம் எப்படி மாறுகிறது, பருவநிலை எப்படி மாறுகிறது என்று பிள்ளைகள் உண்மையாகவே கற்க வேண்டுமானால் ஒரே ஓர் இடம் போதும். ஆனால் அங்கே திரும்பத் திரும்பப் போக வேண்டும். பால்மரம் இலை உதிர்க்கும் பிப்ரவரி வெயிலில் ஒருமுறை, அக்டோபர் நவம்பர் அடைமழையில் ஒருமுறை, இடையில் முடிந்தபோதெல்லாம்.

அந்த ஓர் இடம், உங்கள் பள்ளிக்கு அருகில் இருக்கும் பழைய ரப்பர் தோட்டமாக இருக்கட்டும். பேராக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பல தோட்டத்தில் பிறந்தவை. சில பள்ளிகள் நகரத்துக்கு இடம்பெயர்ந்த பிறகும் பெயரில் தோட்டத்தைச் சுமந்துகொண்டிருக்கின்றன. உங்கள் மாணவர்களின் தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய மண் அது. பாடநூலில் வரும் உருகும் பனிப்பாறையும் துருவக் கரடியும் தராத ஒன்றை அந்த மண் தரும்: கேள்வி கேட்டால் பதில் சொல்ல வீட்டிலேயே ஆள் இருப்பார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சிலவற்றைப் பாருங்கள். கொஞ்சமாவது பால்மரம் நிற்க வேண்டும். பக்கத்தில் செம்பனை நட்ட பகுதி இருக்க வேண்டும். ஓர் ஓடை ஓட வேண்டும். பழைய லயம் இருந்த இடமோ மாரியம்மன் கோயிலோ இருந்தால் மிக நல்லது. பெரிய தோட்டங்கள் இன்று நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. நிர்வாகிக்குப் பள்ளியின் கடிதத் தாளில் எழுதிக் கேளுங்கள். கடிதத்தில் வருகை நாள், மாணவர் எண்ணிக்கை, நடக்கப்போகும் பாதை மூன்றும் இருக்கட்டும். களைக்கொல்லி அடிக்கும் நாள் எது என்று தனியாகக் கேட்டு, அந்த நாளையும் அதற்கு அடுத்த சில நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். நிறுவனம் இழுத்தடித்தால் சிறுதோட்டக்காரர் ஒருவரை அணுகுங்கள். மலேசியாவின் ரப்பர் பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இப்போது அவர்கள் கையில்தான் இருக்கிறது. ஐந்து ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பக்சிக் உங்கள் பிள்ளைகளுக்கு உளி பிடிக்கவே சொல்லித் தருவார். மாவட்டக் கல்வி அலுவலகத்தின் ஒப்புதலும் பெற்றோர் கையொப்பமும் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே.

முதல் வருகையில் கருவி எதுவும் வேண்டாம். ஓடைக்கரையில் தொடங்கி மேட்டின் உச்சிவரை மெல்ல நடந்து, வழியில் தென்படுவதையெல்லாம் ஒரே நீளக் கோட்டில் வரையச் சொல்லுங்கள். மண்ணின் நிறம், மரம், குழி, கல், வேலி, குப்பை எதையும் விட வேண்டாம். இந்த முறை புதிதல்ல. 1914–15இல் சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதிய ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடிஸ், மலையிலிருந்து கடல்வரை ஒரு பள்ளத்தாக்கைக் குறுக்கே வெட்டி வரைந்து, எந்த உயரத்தில் எந்த மண், எந்தத் தொழில், எப்படிப்பட்ட ஊர் என்று ஒரே படத்தில் காட்டினார். கிந்தா பள்ளத்தாக்கு அந்தப் படத்துக்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. கிழக்கே கருங்கல் மலைத்தொடர், அதில் காடும் ஓராங் அஸ்லி ஊர்களும். இறங்கினால் அடிவாரத்துத் தோட்டங்கள். நடுவே செங்குத்தாக எழும் சுண்ணாம்பு மலைகள். தரையில் ஈயம் எடுத்துவிட்டுப் போன குட்டைகளும் வெள்ளை மணலும். எல்லா நீரும் கிந்தா ஆற்றில் சேர்ந்து பேராக் ஆற்றுக்குப் போய், தெலுக் இந்தானைத் தாண்டிக் கடலில் கலக்கிறது. உங்கள் தோட்டம் இந்தப் படத்தில் எங்கே உட்காருகிறது என்று மாணவர் குறித்தாலே புவியியல் பாடம் பாதி முடிந்தது.

நடக்கும்போது மரங்களைக் கொண்டு மனிதரைத் தேடக் கற்றுக்கொடுங்கள். லயத்தை இடித்துத் தரைமட்டமாக்கியிருப்பார்கள். ஆனால் செம்பனை வரிசைக்கு நடுவே ஒரு மாமரம், ஒரு பலா, ஒரு முருங்கை தனியாக நின்றால் அங்கே வீடு இருந்திருக்கிறது. அரசமரத்தடியில் கல் கிடந்தால் சாமி இருந்திருக்கிறது. சரிவில் படிப்படியாக வெட்டிய மேடைகள் தென்பட்டால் பால்மரம் நட்ட காலத்து வேலையாக இருக்கலாம். வரிசைகளுக்கு இடையில் படரும் பயறுக் குடும்பக் கொடிக்கும் ஒரு கதை உண்டு. தொடக்கக் காலத் துரைமார் புல் பூண்டு இல்லாமல் தோட்டத்தைச் சுரண்டி வைக்கச் சொன்னார்கள். வெறும் மண்ணை மழை அரித்தது, ஆறுகள் மேடுதட்டின. பிறகுதான் மண்ணைப் பிடிக்கவும் தழைச்சத்து சேர்க்கவும் அந்தக் கொடியை வளர்த்தார்கள். நிலத்தைப் பாழாக்கும் செயலும் அதைத் திருத்தும் செயலும் மனிதர் எடுத்த முடிவுகள் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை இங்கே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்து வரலாறு. இதில் கொஞ்சம் தாராளமாக நேரம் செலவிடுங்கள், ஏனென்றால் பருவநிலைப் பாடத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலின் அமேசான் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் ஒன்பதை அப்போதைய பேராக் ரெசிடெண்ட் ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அவற்றில் ஒன்று என்று போற்றப்படும் மரம் கோலகங்சார் மாவட்ட அலுவலகத்தின் அருகில் நிற்கிறது. தொடக்கத்தில் பால்மரத்தைத் தோட்டக்காரர்கள் பொருட்படுத்தவில்லை. காப்பி விலை விழுந்தது, மோட்டார் வண்டிக்கு டயர் தேவைப்பட்டது, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் காட்டை அழித்துப் பால்மரம் நட்டார்கள். அதற்கு ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் தமிழகத்துக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். 1938இல் இந்திய அரசு தடைபோட்டதும் அந்த ஓட்டம் நின்றது.

இந்தக் கதையில் ஒரு வளையம் இருக்கிறது, அதை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். காட்டில் சேர்ந்திருந்த கரி, காட்டை எரித்தபோது காற்றில் கலந்தது. அங்கே நட்ட மரத்தின் பால் டயரானது. டயர் பூட்டிய வண்டி பெட்ரோலை எரித்தது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. கருக்கலில் நிரைக்குப் போன கொள்ளுப்பாட்டி இந்த உலகக் கணக்கின் நடுவில் நின்றவர். அவர் கையில் வந்தது அன்றாடக் கூலி மட்டுமே. இலாபம் யாருக்குப் போனது, வெப்பம் யார் தலையில் விடிகிறது என்று மேல்வகுப்பு மாணவர்கள் கேட்டால் அந்தக் கேள்வியை அமுக்கிவிடாதீர்கள். நல்லொழுக்கப் பாடத்துக்கு இதைவிடப் பொருத்தமான கேள்வி கிடைக்காது.

தோட்டத்தின் கதை அதோடு நிற்கவில்லை. பெரிய தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் பறிபோகும் நிலை வந்தது. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் தொழிலாளர்களின் மாதத் தவணையைத் திரட்டி 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். பிறகு செம்பனை வந்தது. இன்று நாட்டில் செம்பனை 55 லட்சம் ஹெக்டேருக்கும் மேல், ரப்பர் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் தரையில் ஈயம் தன் பங்குக்கு நிலத்தைப் புரட்டிப் போட்டது. தஞ்சோங் துவாலாங் ஐந்தாம் எண் ஈயக்கப்பல் 1938இல் கட்டப்பட்டது, எடை 4,500 டன். 1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தபோது கிந்தாவின் ஈயக் காலமும் முடிந்தது. குட்டைகள் மிஞ்சின. அவற்றில் சில இன்று கொக்கும் நாரையும் தங்கும் இடங்கள், சில மீன் வளர்க்கும் பண்ணைகள்.

இத்தனையையும் மாணவர் எந்த ஒழுங்கில் எழுதி வைப்பது? ஆங்கிலப் படிவங்களைத் தேடிப் போக வேண்டாம். நம்மிடம் இருக்கும் திணைப் பகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முதற்பொருள் என்ற தலைப்பின் கீழ் நிலமும் பொழுதும்: மண், சரிவு, மாதம், மணி, மழை. கருப்பொருளின் கீழ் மரம், பறவை, விலங்கு, நீர், உணவு, தொழில், தெய்வம், பறை. உரிப்பொருளின் கீழ் அந்த இடத்தில் மனிதர் பட்ட உணர்வு: பிரிவு, காத்திருப்பு, ஏக்கம். தமிழாசிரியர், அறிவியல் ஆசிரியர், வரலாற்று ஆசிரியர் மூவரும் ஒரே ஏட்டில் மதிப்பெண் போட இதைவிட வசதியான அட்டவணையை நான் பார்த்ததில்லை. ஒரு பால்மரத் தோட்டம் எந்தத் திணைக்குள் அடங்கும் என்று வகுப்பில் விவாதிக்க விடுங்கள். மரம் அமேசானுடையது, தெய்வம் தமிழகத்து மாரி, பறை தப்பு, உணவு சோறும் நெத்திலியும், நிலம் மலாய் மண். எந்தத் திணையிலும் முழுதாகப் பொருந்தாது. அந்தப் பொருந்தாமைதான் நம் வரலாறு.

இரண்டாம் வருகையில் அளக்கத் தொடங்குங்கள். செலவு அதிகம் ஆகாது. ஐந்தாறு வெப்பமானிகள், அளவு நாடா, கடிகாரம், அடிப்பக்கம் வெட்டிய மைலோ டின், ஒளி ஊடுருவும் பாட்டில்கள் போதும்.

வெப்பத்தை அளக்கும்போது ஒழுங்கு முக்கியம். எல்லாக் குழுவும் ஒரே நேரத்தில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், வெயில் நேரடியாகப் படாதபடி வெப்பமானியைப் பிடித்து ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு குழு பால்மர நிழலில், ஒன்று முதிர்ந்த செம்பனைக்குள், ஒன்று தார்ச்சாலை ஓரத்தில், ஒன்று வெள்ளை மணல் பரப்பில். வித்தியாசம் உடனே தெரியும். இங்கே ஆசிரியர் ஒரு கணம் நிறுத்தி, இது நிழலின் வேலை, பருவநிலை மாற்றம் இல்லை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். பருவநிலை என்பது முப்பது ஆண்டுச் சராசரியில் பேசும் பேச்சு. அதற்கு ஈப்போ விமான நிலைய வானிலை நிலையத்தின் நீண்ட காலப் பதிவுகள் வேண்டும். வானிலைத் துறைக்கு எழுதிக் கேளுங்கள். ஒரு நாள் வெப்பமானியையும் முப்பது ஆண்டு வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் வானிலைக்கும் பருவநிலைக்கும் உள்ள தூரம் மாணவருக்கு விளங்கும்.

மைலோ டின்னை மண்ணில் சில சென்டிமீட்டர் அழுத்தி, ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, உறிஞ்ச எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். இலைச்சருகு மூடிய பால்மர வரிசையில் தண்ணீர் இறங்கிவிடும். வண்டி ஓடி இறுகிய செம்பனைப் பாதையில் நின்றுகொண்டே இருக்கும். ஈயமணலில் சட்டென்று மறைந்துவிடும், பிள்ளைகள் அதுதான் சிறந்த மண் என்று முடிவு கட்டுவார்கள். அரைமணி கழித்து அதே மணலைத் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரத்தை அது வைத்துக்கொள்வதில்லை. மழை வெள்ளமாக மாறுவதும் வெயில் வறட்சியாக மாறுவதும் வானத்தில் மட்டும் தீர்மானமாகிற விஷயமில்லை, பாதி தீர்மானம் தரையில் நடக்கிறது என்பதை அந்த டின் காட்டிவிடும். ஓடை நீரை மழைக்கு முன்பும் பின்பும் பாட்டிலில் பிடித்து ஒரு நாள் அசையாமல் வைத்து, அடியில் படியும் சேற்றின் உயரத்தை அளவுகோலால் அளக்கலாம். கணித ஆசிரியருக்கு வேலை தயார்.

மரத்தின் சுற்றளவையும் அளக்கச் சொல்லுங்கள். சுற்றளவு 45 முதல் 50 சென்டிமீட்டர் ஆனதும் பால் வெட்டத் தொடங்குவது வழக்கம், அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். இருபத்தைந்து முப்பது ஆண்டில் மரத்தை வெட்டிவிட்டு மறுநடவு செய்கிறார்கள். காய்ந்த கட்டையின் எடையில் ஏறத்தாழப் பாதி கரி என்று சொல்லிவிட்டால், வெட்டிய மரம் மேசை நாற்காலி ஆனால் அந்தக் கரி எங்கே இருக்கிறது, எரித்தால் எங்கே போகிறது என்று அவர்களே கணக்குப் போடுவார்கள். பசுமையாகத் தெரிவதெல்லாம் காடு என்ற எண்ணத்தை இங்கேயே களைந்துவிட வேண்டும். தோட்டம் எவ்வளவு அடர்த்தியாகத் தெரிந்தாலும் மழைக்காட்டில் சேரும் கரிக்கும் உயிர்களுக்கும் அது ஈடாகாது.

பெரியவர்களிடம் நேர்காணல் எடுப்பது இந்தப் பாடத்தின் உயிர்நாடி. அதில்தான் பெரும்பாலான பள்ளிகள் சறுக்குகின்றன. "அப்ப வெயில் கம்மியா பாட்டி?" என்று கேட்டால் எந்தப் பாட்டியும் "ஆமாய்யா, அப்பல்லாம் குளுகுளுன்னு இருக்கும்" என்றுதான் சொல்வார். கேள்வியிலேயே பதிலை வைத்துவிட்டோம். வேலையைப் பற்றிக் கேட்கச் சொல்லுங்கள். "பெரட்டுக்கு எத்தனை மணிக்குப் போவீங்க பாட்டி?" "மழை பேஞ்சா அன்னிக்குச் சம்பளம் உண்டா?" "எந்த மாசம் வேலை இல்லாம உட்கார்ந்திருப்பீங்க?" "லயத்துக்குள்ள தண்ணி வந்துச்சா, எந்தப் படி வரைக்கும்?" இவற்றுக்கு வரும் பதில்களில் தரவு இருக்கும். மரம் நனைந்தால் பால் வெட்ட முடியாது, மங்கில் மழைநீர் கலந்துவிடும். அதனால் மழையின் கணக்கைத் தொழிலாளி சம்பளத்தில் ஞாபகம் வைத்திருப்பார். விடியும் முன்னே பால் வெட்டப் போனது ஏன் என்று கேட்டால், வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும் என்பார். மரத்துக்குள் நீரழுத்தம் அதிகாலையில் கூடுதலாக இருக்கும் என்ற தாவரவியல் பாடத்தை அவர் அனுபவத்தில் படித்திருக்கிறார். பதிலைக் கைப்பேசியில் பதிவு செய்து, பேசியபடியே எழுத்தில் இறக்குங்கள். நிரை, ஒட்டுப்பால், கிராணி, தண்டல் என்று அவர் சொல்லும் சொற்களை நல்ல தமிழ் என்ற பெயரில் மாற்றிவிடாதீர்கள்.

நினைவை ஏட்டோடு ஒப்பிட வழி இருக்கிறது. தோட்ட அலுவலகங்களில் மழைமானி வைத்து நாள்தோறும் மழையைக் குறிக்கும் வழக்கம் உண்டு. பழைய பதிவேடு ஏதேனும் எஞ்சியிருக்கிறதா என்று நிர்வாகியிடமும் ஓய்வுபெற்ற கிராணியிடமும் விசாரியுங்கள். நீர்ப்பாசன வடிகால் துறை, மழை அளவையும் ஆற்று மட்டத்தையும் இணையத்தில் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்கிறது. பாட்டி சொன்ன மழை மாதமும் பதிவேட்டின் மழை மாதமும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது நல்ல ஆய்வு. ஒத்துப்போகாவிட்டால் இன்னும் நல்ல ஆய்வு.

இப்போது கடினமான பகுதி. பயணம் முடிந்து வகுப்புக்குத் திரும்பியதும் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்வார்கள்: பருவநிலை மாற்றம். இதை ஏற்றுக்கொள்ளவே கூடாது. மூன்று காரணங்களைப் பிரித்துப் பார்க்கப் பழக்குங்கள். ஒன்று, நிலத்தை மனிதர் மாற்றியது. இன்னொன்று, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வந்துபோகும் எல் நினோ போன்ற இயற்கை ஏற்ற இறக்கம். மூன்றாவது, உலகம் முழுவதும் ஏறிவரும் வெப்பம். எல் நினோ வலுத்த 1998ஆம் ஆண்டு ஏப்ரல் 9 அன்று பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது, அது இந்நாட்டின் உச்சப் பதிவு. 2016 எல் நினோவில் 1906இல் கட்டிய புக்கிட் மேரா நீர்த்தேக்கம் வெகுவாக வற்றியது, அதை நம்பிய கெரியான் வயல்கள் தவித்தன. இரண்டையும் எல் நினோ கொண்டுவந்தது. ஆனால் ஏற்கெனவே சூடேறிய உலகத்தின் மேல் எல் நினோ ஏறி உட்காரும்போது உச்சம் இன்னும் உயர்கிறது. 2024ஆம் ஆண்டின் உலகச் சராசரி வெப்பம், தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஒன்றரை டிகிரிக்கு மேல் போனது. காற்று ஒரு டிகிரி சூடேறினால் அது தாங்கும் நீராவி ஏறத்தாழ 7 விழுக்காடு கூடும். அடைமழை கனமாவதற்கு இயற்பியல் காரணம் இதுதான்.

1996 ஆகஸ்ட் 29 அன்று கம்பார் அருகே போஸ் டிப்பாங்கில் கனமழையில் மலையிலிருந்து சேறும் மரக்கட்டையுமாக இறங்கிய வெள்ளம் ஓராங் அஸ்லி கிராமத்தை அடித்துக்கொண்டு போனது, 44 பேர் மாண்டார்கள். இந்நிகழ்வை வகுப்பில் பேசுங்கள், மரியாதையோடு பேசுங்கள். மழை எவ்வளவு, சரிவு எப்படி, மேலே மரம் என்ன ஆனது, கீழே வீடுகள் எங்கே இருந்தன என்று நான்கு கேள்விகளாகப் பிரியுங்கள். மூன்று காரணங்களையும் பிரிக்கத் தெரிந்த மாணவரை எந்த வாட்ஸ்அப் செய்தியும் ஏமாற்ற முடியாது. யாரை நோக்கி என்ன கோரிக்கை வைக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். வடிகாலை அடைத்த வீடமைப்புத் திட்டத்துக்கு நகராண்மையிடம் போக வேண்டும், உலக வெப்பத்துக்கு வேறு வாசல்.

சுண்ணாம்பு மலைகளைத் தொடாமல் ஈப்போவில் இந்தப் பாடம் முடியாது. தைப்பூசத்துக்கு நம் பிள்ளைகள் காவடியோடு போகும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் குனோங் செரோ சுண்ணாம்பு மலையின் அடியில்தான் இருக்கிறது. அதே மலையில் 1973இல் பாறை சரிந்து ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். சாமி கும்பிட்டபின் மலையை அண்ணாந்து பார்த்து, விரிசலையும் நீர் கசியும் இடத்தையும் தூரத்திலிருந்து வரையச் சொல்லுங்கள். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனை. பாட்டியின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, மேலே நிற்கும் நீரை மட்டும் எடுத்து, உறிஞ்சுகுழலால் மெல்ல ஊதினால் அது பால்போல வெளுக்கும். மூச்சிலுள்ள கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து மீண்டும் சுண்ணாம்புக்கல் ஆகிறது. கண்ணாடி அணிவித்து, உறிஞ்சக் கூடாது என்று எச்சரித்துச் செய்யுங்கள். சிமெண்டு ஆலை இதைத் தலைகீழாகச் செய்கிறது: 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும், எரிபொருளின் புகை தனி. செம்மோர் அருகே குனோங் கந்தான் மலையில் மட்டும் வாழும் ஒரு நத்தைக்கு, 2014இல் ஆய்வாளர்கள் அந்த மலையை உடைத்துவந்த சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே சூட்டினார்கள். அந்தச் செய்தியைச் சொல்லி, ஏன் அப்படிச் செய்திருப்பார்கள் என்று கட்டுரை எழுதச் சொல்லுங்கள்.

வாகனத்துக்குப் பணம் மிச்சமிருந்தால் ஒரே ஒரு நெடும் பயணம் செய்யலாம்: சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைச் சாலை. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறத்தாழ ஆறரை டிகிரி குறையும். அப்படியானால் ஒன்றரை டிகிரி சூடேறிய உலகில், பழைய குளிர்ச்சியைத் தேடி ஒரு செடி ஏறத்தாழ 230 மீட்டர் மேலே போக வேண்டும். உச்சியில் ஏற்கெனவே நிற்கும் செடி எங்கே போகும் என்ற கேள்வியைப் பிள்ளைகளே கேட்பார்கள்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். ஈயக்குட்டையின் கரை உள்வாங்கியிருக்கும், ஆழம் சட்டென்று இறங்கும். குட்டைக் கரைக்கு ஒரு மாணவரும் போகக் கூடாது, மாதிரி நீரை ஆசிரியரே எடுக்க வேண்டும். காலை ஏழரைக்குத் தொடங்கிப் பதினொன்றுக்குள் முடித்துவிடுங்கள். பிற்பகல் இடிமழை பேராக்கில் வழக்கம், தனிமரத்தடியில் ஒதுங்குவது ஆபத்து. தொடர்ந்து மூன்று நாள் 35 டிகிரியைத் தொட்டு வானிலைத் துறை எச்சரிக்கை விடுத்தால் பயணத்தை ஒத்திவையுங்கள். நீண்ட காலுறை, மூடிய காலணி, அட்டைக்கு உப்பு, தேவைக்கு மேல் தண்ணீர். காலில் புண் உள்ள பிள்ளையை ஓடைச்சேற்றில் இறக்காதீர்கள், எலிக்காய்ச்சல் வரும்.

முடிவில் கண்காட்சி வைப்பீர்கள். பள்ளி மண்டபத்தில் வைப்பதைவிடத் தோட்டத்துக் கோயில் திருவிழா நாளில், கோயில் வளாகத்தில் வையுங்கள். நேர்காணல் கொடுத்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் வருவார்கள், தவறைத் திருத்துவார்கள், விட்டுப்போனதைச் சேர்ப்பார்கள். வெள்ளம் எட்டிய படியின் அடையாளங்களை வரைபடமாக்கி நீர்ப்பாசனத் துறைக்கும் நகராண்மைக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் ரத்தானபிறகு பள்ளி மதிப்பீட்டுக்கு இடம் கூடியிருக்கிறது, இந்த ஏட்டையே மதிப்பீடாக எடுத்துக்கொள்ளலாம். உலகம் அழியப் போகிறது என்ற அச்சத்தைப் பிள்ளைகள் மனதில் ஏற்றாதீர்கள். அளந்து, கேட்டு, ஒப்பிட்டுப் பார்த்த பிள்ளைக்கு அச்சத்தைவிடப் பொறுப்பு அதிகமாக வரும் என்பது என் நம்பிக்கை.

கருவிகள் பிறகு வரட்டும். நேர்காணலை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பால்மரக் காலத்தை உழைத்துப் பார்த்தவர்கள் எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். தோட்ட நிர்வாகிக்குக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள், பதில் வரும்வரை காத்திராமல் ஒவ்வொரு மாணவரும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் பேசிப் பதிவு செய்து வரட்டும்.